ஒரு கைப்பிடிக் கடல்மண்

1

எரியோடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக் கூரையை மறைத்துக்கொண்டு, என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று நேற்றுவரை தொங்கியது. மாரியம்மன் திருவிழாவுக்காக என் தம்பி முருகேசன் திண்டுக்கல் போய், பேகம்பூரில் அடித்து வாங்கிவந்து கட்டியது. அடி தெரிகிற நீலக் கடல். அதில் தலை மட்டும் தெரிகிற நான். வலது கையை முறுக்கி மேலே தூக்கியிருக்கிறேன். விரலிடுக்கில் வெள்ளை மணல் ஒழுகுகிறது. கீழே கொட்டை எழுத்தில், "ஆஸ்திரேலியக் கடலில் தரை தொட்டு மண்ணெடுத்த எங்கள் அண்ணன்". அதற்கும் கீழே பொடி எழுத்தில், "கடல் விஞ்ஞானி அமுதாவின் தந்தை".

முதல் வரி உண்மை. அதுதான் கேவலம். இரண்டாவது வரி பொய். அந்தப் பொய்யை ஊருக்குள் விட்டவன் நானே. ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு ஒன்றுவிட்ட மாமாவிலிருந்து பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் வரைக்கும் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கடலோரமாக ஒரு சின்ன நகரத்தில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களை வண்டியோட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, தேறினார்களா இல்லையா என்று சொல்லும் உத்தியோகம். சொன்னதைக் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. ஒருமுறை ஒருவர், பாவம், அவரும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்தவர், "எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும் ஐயா" என்று இழுத்தார். "சிவப்பு விளக்குக்கு என்னய்யா இங்கிலீஷ் வேண்டிக்கிடக்கு?" என்று மனதுக்குள் திட்டியபடி தோற்கடித்து அனுப்பினேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கும் எரியோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. எங்களுக்கு வாய்த்தது கிணறு. வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எங்கள் கிணற்றுச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியும் என்று வாயால் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். மேலேயிருந்து குதித்து, மூச்சைப் பிடித்து அடிவரைக்கும் முங்கி, ஒரு கைப்பிடி மண் அள்ளிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். கிணற்றுக்குள் கும்மிருட்டு. யாரும் எதையும் பார்க்க முடியாது. மண்தான் சாட்சி. பாதியிலேயே சுவரோரத்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறவனும் உண்டு. அடிமண் கறுப்பாக, வழுவழுவென்று, சேற்று நாற்றத்தோடு இருக்கும். படியில் உட்கார்ந்திருப்பவர்கள் மோந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வெறுங்கையோடு வந்தவன் பாடு திண்டாட்டம். "ஏலே, காத்தப் புடிச்சுட்டு வந்துருக்கான்டா!" என்று அவன் கல்யாணம் வரைக்கும் விடாமல் ஓட்டுவார்கள்.

நான் ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. அந்தக் கிணறு வறண்டு வருடக்கணக்காகிவிட்டது. முருகேசன் போர் போட்டுத்தான் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். கிணறு வற்றிய பிறகும் என் பெருமை மட்டும் வற்றவில்லை. இங்கே வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும், ரசம் ஊற்றுவதற்குள் கிணற்றுக் கதை வந்துவிடும். என் மகள் அமுதா சின்னப் பிள்ளையில் அதை வாயைப் பிளந்து கேட்பாள். பிறகு கதை தொடங்கியதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போக ஆரம்பித்தாள்.

3

அமுதா கணக்கியல் படித்தாள். நல்ல அலுவலகத்தில் நல்ல வேலை. ஒருநாள் வந்து, "எனக்கு அங்க உக்கார முடியலப்பா" என்றாள். அடுத்த மாதமே கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டும் படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, வாயில் குழாயைக் கவ்வி, தண்ணீருக்கு அடியில் மீன் பார்க்கப் போகிறார்களே, அந்த வேலை. படகில் அவள் பெயர் ஏமி. அமுதா என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு புரளவில்லையாம்.

ஒருமுறை துறைக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். ஈர உடையோடு மண்டியிட்டு, யாரோ ஒரு சுற்றுலாக்காரரின் காலில் துடுப்புச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஊரான் காலைப் பிடிக்கவா இவளைப் படிக்கவைத்தேன் என்று மனதுக்குள் பொருமினேன். அவளைக் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன். அந்த வாரம் முருகேசன் போனில், "பாப்பா என்ன வேல பாக்குதுண்ணே?" என்று கேட்டபோது, "கடல் ஆராய்ச்சி" என்றேன். அது எரியோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விஞ்ஞானி ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பயிற்றுநராவதற்கான தேர்வு இருந்தது. கடலுக்குள் இறங்கிப் பழக்கமில்லாத இரண்டு பேரைத் தேர்வாளர் கண்முன்னே கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு ஆள் கிடைத்துவிட்டார். இன்னொரு ஆள் வேண்டும்.

"அப்பா, நீங்க வர்றீங்களா? நீங்கதான் கிணத்துல பெரிய ஆளாச்சே" என்றாள்.

பல வருடமாக அந்தப் பிள்ளை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் கல்யாண நாளும் அதே வாரத்தில் வந்ததால் என் மனைவி செல்வியும் படகில் கூட வருவது என்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

காலையில் துறையில் இறங்கியதும் முதல் வேலையாக, வண்டி நிறுத்தும் கட்டணத்தைப் பற்றித் தேர்வாளரோடு ஒரு மூச்சு வாதாடினேன். பழக்கதோஷம். அவர் பெயர் மெகன். வெயிலில் காய்ந்த முகமும், அதிகம் பேசாத வாயுமான அம்மாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ரப்பர் உடைக்குள் என்னைத் திணித்தார்கள். தொப்பை உள்ளே போவேனா என்றது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமுதா எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். முதல் சட்டம், எந்தக் காரணத்துக்கும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. நாம் உள்ளே இழுக்கிற காற்று, மேலே வர வர விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். இரண்டாவது சட்டம், எதையும் தொடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. இதையே என்னிடம் தனியாக வந்து திரும்பவும் சொன்னாள். படகு நின்றதும் மறுபடியும், இந்தத் தடவை தமிழில், "அப்பா, மூச்சு விட்டுட்டே இருக்கணும். சரியா?" என்றாள். ஆழம் எங்கள் கிணற்றில் பாதிகூட இராது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தலையாட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல், ஆமாமுக்கும் இல்லைக்கும் பொதுவானது.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கிணற்றில் முங்கும்போது கண்ணை மூடிக்கொள்வோம். திறந்தாலும் ஒன்றுதான். இங்கே இறங்கியதும், கழுவிவைத்த கண்ணாடி டம்ளருக்குள் போட்ட மாதிரி இருந்தது. சூரியன் அடிவரைக்கும் இறங்கி மணலில் வலை வலையாக ஆடியது. மஞ்சள் மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து பார்த்துவிட்டுப் போயின. தூரத்தில் பவளப்பாறைகள் ஊதாவும் பச்சையுமாக. குழாய் வழியாக மூச்சு தாராளமாக வந்தது. அமுதா ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தாள். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது.

தரைக்குப் பக்கத்தில் வந்தோம். அப்போது கூட வந்தவரின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அமுதா என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். என் கால் தரையைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எரியோட்டுக்காரன் உடம்பு அதுவாகச் செய்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடைத்தேன். குனிந்து மணலை ஒரு கை அள்ளினேன். இரண்டு காலையும் சேர்த்துத் தரையை ஓர் உதை உதைத்து எவ்வினேன். உதையில் ஒரு பவளக் கிளை முறிந்தது. தெளிந்து கிடந்த தண்ணீரில் வெள்ளைப் புழுதி கிளம்பியது.

பாதி வழியில் யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் அமுதா. என் மேல் ஏறி, மூடிய கையால் நெஞ்சில் குத்தினாள். இன்னொரு தடவை குத்தினாள். வலி தாங்காமல் வாயிலிருந்து காற்று பீறிட்டது. அந்தக் குத்துதான் இன்று என்னை எழுதவைத்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் எப்படி இருந்தன என்பதை என்னால் எழுத முடியவில்லை. மேலே வந்ததும், அதைப் பார்த்த பிறகும், நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கி, "அள்ளிட்டேன்!" என்று கத்தினேன். செல்வி படகிலிருந்து அதைப் படம் பிடித்தாள். ஃப்ளெக்ஸில் இருப்பது அதுதான்.

அடுத்த படம் யாரிடமும் இல்லை. அதில் நான் படகின் தளத்தில் மல்லாக்கப் படுத்திருக்கிறேன். மூக்கில் ஆக்சிஜன் முகமூடி.

5

மூச்சு சரியாகி எழுந்து உட்கார்ந்தபோது மெகன் என் முன்னால் வந்து குந்தினார். கூட வந்தவர், படகோட்டி, செல்வி எல்லோரும் சுற்றி நின்றார்கள். அமுதா கொஞ்சம் தள்ளி, தலை ஈரம் சொட்ட நின்றாள்.

"மூச்சைப் பிடிக்கக் கூடாது என்று ஏமி உங்களிடம் சொன்னாளா?" என்று மெகன் கேட்டார்.

சொன்னாள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்னால், அத்தனை பேர் முன்னாலும், சொன்னதைக் கேட்கத் தெரியாத மடையன் நான். இருபது வருடமாக மற்றவர்களைத் தோற்கடித்த வாய் எனக்கு. அது அப்போது என்ன சொல்லிற்று என்றால், "என் இங்கிலீஷ்... கொஞ்சம் கஷ்டம். சரியாகப் புரியவில்லை."

அமுதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறப்பாள், தமிழிலும் சொன்னேனே என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மெகன் எழுந்துபோய், அவளிடம் ஏதோ மெல்லச் சொன்னார். வாடிக்கையாளருக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்யாமல் தண்ணீரில் இறக்கியது வழிகாட்டியின் தவறாம். அமுதா தோற்றுவிட்டாள்.

நம் வழக்கமெல்லாம் இந்தப் பிள்ளையை விட்டுப் போய்விட்டது என்று செல்வியிடம் எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். தீபாவளிக்கு வீட்டில் இருப்பதில்லை, சொந்தக்காரர் பெயர் தெரியவில்லை, தமிழ் பாதி வாயில் நிற்கிறது என்று. நாலு பேர் முன்னால் பெற்றவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் அவளை விட்டுக்கொடுத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6

வண்டியில் செல்விதான் தாங்கமாட்டாமல், "ஏங்க, நீங்க பரீட்சை வைக்கிற ஆளு. உங்களுக்கா இங்கிலீஷ் தெரியாது? பிள்ள பொழப்புல இப்படியா மண்ணள்ளிப் போடுவீக?" என்றாள். என் கை இன்னும் மூடித்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். நகக்கண்ணில் மட்டும் மணல் இருந்தது.

இறங்கும்போது அமுதா சொன்னாள், "நான் ஃபெயில் ஆனது பரவாயில்லப்பா. நீங்க மூச்சைப் பிடிச்சிட்டு மேல போறீங்க. நான் கீழ இருந்து பாக்கறேன். நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்." அவளுடைய பாதித் தமிழில் அது எந்தப் பூச்சும் இல்லாமல் வந்தது. வீட்டுக்குள் வராமல், வாசலில் விட்டிருந்த தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செல்வி படகில் வைத்தே படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டிருந்தாள், நான் தளத்தில் மல்லாந்து விழுவதற்கு முந்திய பெருமையில். சாயங்காலம் முருகேசன் கூப்பிட்டான்.

"அண்ணே! கடல்லயே மண்ணள்ளிட்டியாமே! இங்கன ஒரே அமளியாக் கெடக்கு. இந்த வருசம் திருவிழாவுக்கு ஒன் படந்தேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "என்னமோ செய்யப்பா" என்றேன். வெட்கத்தில் கிடக்கிறவனுக்கும் புகழ் கசப்பதில்லை. நான் கண்டுகொண்ட உண்மை இது. எனக்கு இதில் ஒரு பெருமையும் இல்லை.

7

மறு வாரம் அலுவலகத்தில் ஒரு பெண் தேர்வுக்கு வந்தார். பதற்றத்தில், நான் இடது என்றதை வலது என்று புரிந்துகொண்டு திருப்பினார். "மன்னியுங்கள், எனக்கு இங்கிலீஷ்..." என்று தொடங்கினார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் வெளியே நின்றேன். அவர் உண்மையாகச் சொன்னார். அவருக்கு நிதானமாகத் திரும்பவும் சொன்னேன். தேறிவிட்டார். வேலை முடிந்ததும் நேராகத் துறைக்குப் போனேன்.

மெகன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். என் மகள் மூன்று தடவை சொன்னாள், ஒரு தடவை என் தாய்மொழியிலும் சொன்னாள், எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும், பொய் சொன்னது நான் என்று. நல்ல இங்கிலீஷில்தான் சொன்னேன்.

"தெரியும். காலையில் வண்டிக் கட்டணத்துக்கு நீங்கள் போட்ட சண்டை ஒன்று போதாதா?" என்றார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தெரிந்தும் ஏன் அவளைத் தோற்கடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கள் பொய் சொன்னபோது அவள் சும்மா இருந்தாள். கடலுக்கு அப்பா, மகள் எல்லாம் தெரியாது. இன்று உங்கள் முகத்துக்காகச் சும்மா இருப்பவள், நாளைக்கு இன்னொருவர் முகத்துக்காகவும் சும்மா இருப்பாள். அவர் செத்துப்போவார்."

எங்கள் ஊரில் எதற்காக ஒரு பிள்ளையைக் கொண்டாடுவோமோ, அதற்காகத்தான் இங்கே அவளைத் தோற்கடித்திருக்கிறார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அமுதாவுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"உண்டு. ஒரு நிபந்தனை. அதே ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும்" என்று என்னைக் காட்டினார்.

8

மருத்துவரிடம் போய் நெஞ்சைக் காட்டி, இறங்கலாம் என்று எழுதி வாங்கினேன். அமுதா வேண்டாம் என்றுதான் சொன்னாள். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே, "சனிக்கிழமை. லேட் பண்ணாதீங்க" என்று செய்தி அனுப்பினாள்.

படகில் புது ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மெகன் பின்னால் கை கட்டி நின்றார். அமுதா எழுந்தாள். முதல் சட்டத்தைச் சொன்னாள். நிறுத்தினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"இவர் என் அப்பா. போன தடவை இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். செத்திருப்பார். நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். புரியவில்லை என்று அப்புறம் பொய் சொன்னார். இவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. செல்வி கடலைப் பார்த்தாள். அமுதா என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, இந்த முறை என்ன செய்வீர்கள்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டாள்.

"மூச்சு விட்டுக்கொண்டே இருப்பேன். எதையும் தொட மாட்டேன்" என்றேன். தலையாட்டவில்லை. வாயால் சொன்னேன்.

அதே கண்ணாடித் தண்ணீர். அதே மஞ்சள் மீன்கள். நான் முறித்த பவளக் கிளை, முறிந்த இடம் வெளுத்து, அப்படியே கிடந்தது. அமுதா என்னை அதன் பக்கத்தில் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். வேண்டுமென்றே செய்தாளா, வழி அதுதானா என்று நான் கேட்கவில்லை. கால் மணலைத் தொட்டபோது வலது கை தானாக விரிந்தது. ஐம்பது வயது உடம்பு, சொல் பேச்சுக் கேட்குமா? விரிந்த கைக்குள் அமுதாவின் கை வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே வரும்வரை அவள் விடவில்லை. நானும் மூச்சை விட்டுக்கொண்டே வந்தேன். குமிழிகள் எங்களுக்கு முந்திக்கொண்டு மேலே போயின.

தலை வெளியே வந்ததும் மெகன் பார்க்கட்டும் என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினேன். செல்வி அதையும் படம் பிடித்தாள். அமுதா தேறிவிட்டாள்.

9

நேற்று அந்தப் படத்தை முருகேசனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"என்னண்ணே இது, வெறுங்கையோட வந்துருக்க?"

"ஆமாப்பா. வெறுங்கையோடதான் வந்தேன். அந்த ஃப்ளெக்ஸக் கழட்டிரு."

"வெளையாடாதண்ணே. திருவிழாவே முடியல. இப்பக் கழட்டுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அசிங்கமாயிரும்."

"அசிங்கம் எனக்குத்தான் முருகேசா. ஒனக்கில்ல. கழட்டு." பிறகு, இத்தனை நாள் தொண்டையில் நின்றதையும் சொன்னேன். "பாப்பா விஞ்ஞானியும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் கோயில் ரேடியோ கேட்டது.

"பொறகு என்னதேன் வேல பாக்குதுண்ணே அது?"

"கடலுக்குள்ள ஆளுகளக் கூட்டிட்டுப் போகுது. காலுல செருப்பு மாட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போயி, உசுரோட கூட்டிட்டு வருது. என்னைய ரெண்டு தடவ கூட்டிட்டு வந்துருச்சு."